பல்கலைக்கழக வலைப்பந்து: உலகப் போட்டி என்கிறார்கள், யார் போகிறார்கள்?

பிருந்தா | 9 பெப்ரவரி 2025

இலங்கையில் ஒரு கம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், நெட்போல் அணியில் கோல் டிபென்ஸ், எதிரணி கோல் அடிக்காமல் மறிக்கிற இடம். எங்கள் அணியை விட்டுப் போன சீனியர் அக்கா ஒருவர் சொன்னது இது: “பல்கலைக்கழகங்களுக்கான உலக நெட்போல் போட்டி என்பதெல்லாம் காசு இருக்கிற நாடுகள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருகிற சுற்றுலா. வென்றாலும் ஒருவருக்கும் தெரியாது, தோற்றாலும் ஒருவருக்கும் தெரியாது. கம்பஸ் நெட்போல் கம்பஸ் வாசலோடு முடிந்துவிடும்.” இது சரியா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலா, லெஸ்டர் | 9 பெப்ரவரி, இரவு

பாதி சரி. அந்த அக்கா எரிச்சலில் சொல்லியிருக்கிறார், எரிச்சலுக்குக் காரணமும் இருந்திருக்கும். ஆனால் சுற்றுலா என்பது அநியாயம்.

போட்டி உண்மையிலேயே இருக்கிறது. நடத்துவது சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுச் சம்மேளனம், எல்லோரும் ஃபிசு என்றுதான் சொல்வோம். அவர்களுடைய பெரிய விழா, உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள், ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். இந்த ஜூலையில் ஜெர்மனியில் நடக்கப்போவது அதுதான். அதில் வலைப்பந்து இல்லை. அங்கே பெரும்பாலும் ஒலிம்பிக் விளையாட்டுகள்தான், வலைப்பந்தையோ ஒலிம்பிக் குழு 1995இல் அங்கீகரித்ததோடு சரி, இன்றுவரை உள்ளே விடவில்லை. அதனால் நமக்கு மிஞ்சுவது இரட்டைப்படை ஆண்டுகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக நடத்துகிற உலகப் பல்கலைக்கழகச் சாம்பியன்ஷிப். வலைப்பந்துக்கு முதல் தடவை 2012இல் கேப் டவுனில் நடந்தது. பிறகு 2016இல் மயாமி. ஓம், அமெரிக்காவில்தான், தெருவில் போகிற யாரைக் கேட்டாலும் அந்த விளையாட்டின் பெயரே தெரியாத ஊரில். பிறகு 2018 செப்டம்பரில் கம்பாலா, மகெரெரே பல்கலைக்கழகத்தில். இறுதி ஆட்டத்தில் உகண்டா தென்னாப்பிரிக்காவை வென்று கிண்ணத்தை எடுத்தது.

கம்பாலாவைச் சுற்றுலா என்று உகண்டாக்காரிகளிடம் சொல்லிப் பாருங்கள்.

கலா | 10 பெப்ரவரி

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்தானே வலைப்பந்தில் பெரிய ஆட்கள், பல்கலைக்கழகக் கிண்ணப் பேச்சில் ஏன் அவர்கள் பெயரே வருவதில்லை என்று.

அவர்களுக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவில் யூனிஸ்போர்ட் நேஷனல்ஸ் என்று பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே பெரிய போட்டி இருக்கிறது. ஆனால் உண்மையிலேயே நன்றாக ஆடுகிற பிள்ளை பத்தொன்பது இருபது வயதில் சூப்பர் நெட்போல் என்கிற தொழில்முறைப் போட்டியின் கழகம் ஒன்றின் கண்ணில் பட்டிருப்பாள். நியூசிலாந்திலும் ஏறக்குறைய அப்படித்தான். படிப்பு பக்கத்தில் நடக்கும். பல்கலைக்கழகச் சட்டையைப் போட்டுக்கொண்டு உலகச் சாம்பியன் ஆகவேண்டிய அவசரம் அங்கே யாருக்கும் இல்லை. உலகக் கிண்ணம் 1963இல் தொடங்கியதிலிருந்து அதிகம் வென்றவர்கள் அவர்கள்தான், இந்தக் கிண்ணம் இல்லாமலும் தூக்கம் வரும்.

இந்தப் போட்டியை உயிராக எடுக்கிறவர்கள் வேறு ஆட்கள். உள்ளூரில் தொழில்முறைக் கழகம் இல்லாத, அல்லது இருந்தும் சம்பளம் கையில் வந்து சேராத நாடுகள். அங்கே இருபது வயதுப் பிள்ளை ஒருத்தி வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவரின் கண் முன்னால் ஆட வழிகள் குறைவு. தேசிய அணிக்குள் நுழையலாம், அது குதிரைக்கொம்பு. இல்லாவிட்டால் இது.

சிக்கல் என்னவென்றால் இதற்கும் காசு கட்டவேண்டும். விமானச் செலவு அணியுடையது, தங்குமிடம் சாப்பாட்டுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம் வேறு. யாருக்கு இந்தப் போட்டி மிகவும் தேவையோ அவர்களால்தான் போக முடிவதில்லை. உங்கள் சீனியர் அக்காவின் எரிச்சல் இங்கேதான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மதுரைக்காரன் | 10 பெப்ரவரி

தெரியாமல் கேட்கிறேன், நெட்பால் என்பது போர்டு இல்லாத பாஸ்கெட்பால்தானே? பள்ளியில் நாங்கள் பாஸ்கெட்பால் கோர்ட்டிலேயே ஆடியிருக்கிறோம். பையன்களும் ஆடினோம்.

கலா | 10 பெப்ரவரி, இரவு

தம்பி, இதை லெஸ்டரில் என் அணிக்காரிகளிடம் சொன்னால் உங்களைத் தூக்கி வளையத்துக்குள் போட்டுவிடுவார்கள். 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கவனம்.

பிறப்பு அங்கேதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டம் வேறு. பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் வந்தால் மூன்று விநாடிக்குள் கொடுக்கவேண்டும். ஏழு பேர், ஏழு பேருக்கும் நெஞ்சில் எழுத்து, அந்த எழுத்துக்கு எந்தப் பகுதி என்று விதி இருக்கிறதோ அதற்குள்தான் கால் வைக்கலாம். கோல் அடிக்க உரிமை கோல் ஷூட்டருக்கும் கோல் அட்டாக்குக்கும் மட்டும், அதுவும் 4.9 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் நின்று. பந்து வைத்திருப்பவளின் காலிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி நின்றுதான் மறிக்கவேண்டும். நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றும் 15 நிமிடம்.

பையன்கள் ஆடுவது பற்றி: இந்தியாவில் அனைத்திந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் ஆண்களுக்கும் நெட்பால் உண்டு. எங்களுக்கு இது ஆச்சரியம். இலங்கையில் ஒரு பெடியன் நெட்போல் கோர்ட்டுக்குள் காலை வைத்தால் பந்து பொறுக்கிக் கொடுக்க வந்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். இந்த விஷயத்தில் உங்கள் ஊர் எங்களைவிட முன்னால்.

கலா | 12 பெப்ரவரி

பிருந்தா என் கதையைக் கேட்டாய். நீ சின்னவள், நீ என்றே எழுதுகிறேன்.

நான் இலங்கையில் படித்த காலத்தில் விங் டிபென்ஸ். நெட்போல் அணியில் விங் டிபென்ஸ் என்றால் யாரும் படம் எடுக்காத இடம். எங்களுக்கு ஒரு சிமெந்துத் தரை, கோடு ஒரு பக்கம் பெயின்ட், மறுபக்கம் சுண்ணாம்பு, வளையத்தில் வலை இருந்தால் அது தைப்பொங்கல். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கான பயிற்சிக் குழுவில் என் பெயரும் வந்தது. பிறகு கடிதம் வரும் என்றார்கள், கடிதம் வந்தபோது காசு கட்டவேண்டிய கடைசித் தேதி போய்விட்டது. எந்த அலுவலகத்தில் கோப்பு தூங்கியது என்று எனக்குத் தெரியும், இங்கே எழுதப்போவதில்லை. கட்டச் சொன்ன தொகை அப்பாவின் பல மாதச் சம்பளம், கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஆனாலும் போகாமல் விட்டதும் போக விடாமல் பண்ணியதும் இரண்டு தனிக் கோபம்.

காசை விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் பேசுவதில்லை: வயது. ஃபிசு போட்டிகளுக்கு முன்பு 28 வயதுவரை போகலாம். பிறகு அதை 25 ஆக்கிவிட்டார்கள். பிரிட்டனில் பதினெட்டு பத்தொன்பதில் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து இருபத்தொன்றில் முடித்துவிடுகிறார்கள், 25 அவர்களுக்குத் தாராளம். நமக்கு? ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதி, முடிவு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் கூப்பிடும்போது இருபத்தொன்று, சில பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு. நடுவில் பகிஷ்கரிப்பு, மூடல். நான்கு வருடப் படிப்பு ஆறு வருடம் இழுக்கும். அணியில் ஒருத்தி உடம்பும் புத்தியும் சேர்ந்து ஆடத் தொடங்கும் வருடம் இருபத்தைந்து தாண்டிவிடும். ஃபிசு தலைமையகம் இருக்கிற லொசானில் உட்கார்ந்து அந்த விதியை எழுதியவர்கள் நம்மை நினைத்து எழுதவில்லை, நம்மை ஒதுக்கவும் எழுதவில்லை, நாம் அவர்கள் நினைப்பிலேயே இல்லை.

போன வருடம் பட்டம் பெற்றவர்களையும் சேர்க்கலாம் என்று சலுகை உண்டு. அது நம்மவர்களுக்கு உதவாது, வயது அதற்கு முன்பே போய்விடுகிறதே.

வந்தாறுமூலையான் | 12 பெப்ரவரி

எல்லாம் சரி, இலங்கை அணியின் கோல் ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். புன்னாலைக்கட்டுவன் பக்கத்துப் பிள்ளை, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், உலகமே பார்த்தது. கம்பஸ் வாசலோடு முடிந்ததா?

கலா | 13 பெப்ரவரி

அண்ணை, தர்ஜினியை எந்த நெட்போல்காரி மறப்பாள்? 2019இல் லிவர்பூலில் உலகக் கிண்ணம், ஸ்ரீ லங்கா ஆடிய ஆட்டம் ஒன்றுக்கு நான் போயிருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த ஆங்கிலக் குடும்பம் ஆட்டம் முழுக்க அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. 208 சென்டிமீட்டர். கைகள் மேலே போனால் எதிரணி கோல் கீப்பர் என்னதான் துள்ளினாலும் பந்தைப் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. அந்தக் கிண்ணத்தில் அதிக கோல் அடித்தவர் அவர். அணி பட்டியலின் அடியில் கிடந்தது.

அதனால்தான் தர்ஜினியை உதாரணமாக வைப்பதில் எனக்குத் தயக்கம். அவர் வந்தது நம் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பு நன்றாக வேலை செய்ததால் அல்ல. அந்த உயரத்தோடு யாழ்ப்பாணத்துக் கிராமத்தில், போர்க்காலத்தில் வளர்ந்து, கேலியையும் தாண்டி அவர் நிலைத்து நின்றதால். கம்பஸ் அவருக்கு ஒரு வாசல்படி, அதற்குமேல் அவரைக் கொண்டுபோனது தேசிய அணியும், சம்பளத்தோடு வேலை கொடுத்த வங்கி அணியும். இலங்கையில் பட்டத்துக்குப் பிறகு வலைப்பந்து தொடரவேண்டுமென்றால் வங்கி, இல்லாவிட்டால் இராணுவம், விமானப்படை, பொலிஸ். வணிக நிறுவனங்களுக்கான மெர்கன்டைல் போட்டிகளில் அந்த வங்கிப் பெயர்களைப் பார்க்கலாம். 2009, 2018, 2022 ஆசியக் கிண்ணங்கள் மூன்றிலும் அவர் இருந்தார், மெல்பேணிலும் போய் ஆடினார். இதில் பல்கலைக்கழகங்களின் பங்கு என்று எதைச் சொல்வது?

நூறு தர்ஜினிகளை எதிர்பார்க்க முடியாது. சாதாரண உயரத்தில் இருக்கிற, நல்ல கால் உள்ள சென்டர் ஒருத்திக்கு வழி இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

கலா | 13 பெப்ரவரி, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. வழி எப்படி இருக்கலாம் என்பதற்கு உகண்டாவின் பீஸ் ப்ரொஸ்கோவியாவைச் சொல்லவேண்டும்.

நாட்டின் வடமேற்கு மூலையில் அருவா பக்கம் பிறந்தவர். கோல் ஷூட்டர், ஆறடிக்கு மேல். கம்பாலாவில் கழக ஆட்டம், தேசிய அணி, அதற்குப் பிறகு இங்கே லவ்பரோ. லவ்பரோ நான் இருக்கும் லெஸ்டருக்குப் பக்கத்து ஊர், ஊர் என்பதே பல்கலைக்கழகம்தான், தெருவில் நடக்கிறவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு பையில் மட்டையோ காலணியோ தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு லவ்பரோ லைட்னிங் என்று, இங்குள்ள உயர்மட்டப் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடும் அணி. ப்ரொஸ்கோவியா அங்கே படித்தார், அங்கேயே லைட்னிங்குக்கு ஆடினார். வீசா, வகுப்பு, விடுதி, பயிற்சி, ஆட்டம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பிறகு அவுஸ்திரேலியாவின் சன்ஷைன் கோஸ்ட் லைட்னிங். வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒட்டிப் பிறந்த கழகம், பெயரும் லைட்னிங், 2017இலும் 2018இலும் அங்கே சாம்பியன்.

ஒரு ஆள் போனது மட்டும் என்றால் அது தர்ஜினி கதை மாதிரி ஒற்றைக் கதை. ஆனால் லவ்பரோவில் கதவு திறந்தே இருந்தது. அடுத்து மேரி சொல்ஹோக், அவரும் உகண்டா, அவரும் கோல் ஷூட்டர். நான் நேரில் பார்த்திருக்கிறேன். வட்டத்துக்குள் அவர் இடம் பிடித்துவிட்டால் எதிரணிக்காரி இரண்டு பேர் இருந்தும் பிரயோசனமில்லை, பந்து மேலே வந்துகொண்டே இருக்கும். லைட்னிங் 2021, 2023, 2024 என்று கிண்ணம் எடுத்தது.

இப்போது கம்பாலா 2018ஐ இதோடு சேர்த்துப் பாருங்கள். பல்கலைக்கழக உலகக் கிண்ணத்தை வென்ற நாடு, வெளியே போய் ஆடும் மூத்தவர்கள் உள்ள நாடு, 2023 உலகக் கிண்ணத்தில் ஐந்தாம் இடம், சொந்த மண்ணில் ஆடிய தென்னாப்பிரிக்காவுக்கு மேலே. ஒன்று மற்றதைக் கொண்டுவந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கம்பஸ் பிள்ளைகள் “உலகச் சாம்பியன்” என்ற சொல்லைத் தங்கள் ஊரில், தங்கள் மைதானத்தில் கேட்டது வீண்போயிருக்காது.

சுகந்தி, கோலாலம்பூர் | 14 பெப்ரவரி

மலேசியாவில் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் எல்லாரும் ஆடும் விளையாட்டு இது. பல்கலைக்கழகங்களுக்குள் மாசும் என்கிற பல்கலைக்கழக விளையாட்டு மன்றத்தின் போட்டி இருக்கிறது. 2017, 2019 சீ கேம்ஸ், அதாவது தென்கிழக்காசிய விளையாட்டுகளில் தங்கம் எங்களுக்கு. சும்மா சொல்லிவைக்கிறேன்.

கலா | 14 பெப்ரவரி

சுகந்தி, தங்கத்தைக் காட்டிவிட்டுப் போகிறீர்கள். ஆசியக் கிண்ணத்தில் சந்திப்போம்.

கலா | 16 பெப்ரவரி

பிருந்தா, இங்கிலாந்தில் பல்கலைக்கழக நெட்போல் எப்படி என்று கேட்டாய். இங்கே புதன்கிழமை மதியத்துக்குப் பிறகு பல பல்கலைக்கழகங்கள் வகுப்பு வைப்பதில்லை. அது விளையாட்டுக்கான நேரம். பக்ஸ் என்ற அமைப்பு லீக் நடத்துகிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு அணி என்று நினைக்காதே, ஐந்தாவது ஆறாவது அணியெல்லாம் இருக்கும், அதற்கும் பிப் என்கிற எழுத்து மேலங்கி உண்டு, பஸ் உண்டு, எதிரணி உண்டு.

நான் முதுகலை படிக்க வந்தபோது, ஒரு நாட்டின் பயிற்சிக் குழுவில் இருந்தவள் என்ற தலைக்கனத்தோடு தேர்வுக்குப் போனேன். நான்காவது அணியில் போட்டார்கள். முதல் ஆட்டத்தில் அம்பயர் என்னை விசில் ஊதியே கொன்றுவிட்டார், எல்லாம் கொன்டக்ட். நம் ஊரில் சிமெந்துத் தரையில் தோளைக் கொடுத்து இடம் பிடிப்பது சாதாரணம், இங்கே தொட்டால் விசில், விசில் ஊதினால் நான் அவளுக்குப் பக்கத்தில் சிலை மாதிரி நிற்கவேண்டும், அவள் பந்தை எறியும்வரை அசையக்கூடாது. முதல் சில வாரம் சிலையாகவே விளையாடினேன்.

மாறாக, அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் எப்போதும் எங்களைவிட உயரமான பிள்ளைகளுக்கு எதிராகவே ஆடிப் பழகியவர்கள், அதனால் பந்து கையைவிட்டுப் புறப்படும் முன்பே ஓடத் தொடங்குவோம். உயரமான பிள்ளைகள் பந்து மேலே வந்தபிறகு யோசிப்பார்கள். மூன்றாவது அணிக்கு ஏற்றினார்கள். அதற்குமேல் ஏறவில்லை, குளிர்காலம் வந்துவிட்டது, ஆய்வேடும் வந்துவிட்டது.

ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றது. அந்த நான்காவது அணிப் பிள்ளைகளில் ஒருத்தியும் உலகப் போட்டியைக் கனவு காணவில்லை. புதன்கிழமை வந்தால் ஆடினார்கள், இரவு முழுக்கப் பாட்டும் குடியும், வியாழக்கிழமை தலைவலியோடு வகுப்பு. விளையாட்டுக்கு ஒரு காரணமும் தேவைப்படவில்லை. நாங்கள் ஆடும்போது எப்போதும் ஒரு காரணம் வைத்திருந்தோம்: சான்றிதழ், வேலை, வெளிநாடு. இதில் எது நல்லது என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை.

கலா | 19 பெப்ரவரி

வந்தாறுமூலையண்ணை “நீங்கள் வெள்ளைக்காரனின் அமைப்பைப் புகழ்கிறீர்கள்” என்கிறார். சரி, தென்னாப்பிரிக்காவைச் சொல்கிறேன்.

அங்கே 2013இல் வார்சிட்டி நெட்போல் என்று பல்கலைக்கழகங்களுக்கான தொடரைத் தொடங்கினார்கள். முதல் இரண்டு வருடமும் ஃப்ரீ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கோவ்சீஸ் அணி வென்றது. வித்தியாசம் என்னவென்றால் அதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஆடுவதை அம்மாவும் அப்பாவும் வீட்டிலிருந்து பார்த்தார்கள், விளம்பரக்காரர்களும் பார்த்தார்கள். கோவ்சீஸில் ஆடிய கார்லா ப்ரிட்டோரியஸ் 2019 உலகக் கிண்ணத்தின் சிறந்த ஆட்டக்காரி. கோல் டிபென்ஸ், பிருந்தா, கவனித்துக்கொள். அவருடைய ஆட்டக் காணொளி கிடைத்தால் பந்தைப் பார்க்காதே, அவர் காலைப் பார்.

எனவே உலகப் போட்டி நடந்ததா, யார் வென்றார் என்பதைவிட, நாட்டுக்குள் பல்கலைக்கழக ஆட்டம் யார் கண்ணுக்குப் படுகிறது என்பது பெரிதாகத் தெரிகிறது எனக்கு. நம் பல்கலைக்கழக விளையாட்டு விழா மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெரிதாக நடக்கும். அதன் நெட்போல் இறுதி ஆட்டத்தை வெளியே எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆடியவர்களின் அறைத்தோழிகள், எதிர்ப்பக்கத்து அறைத்தோழிகள், இரண்டு பக்கத்துக் கிரிக்கெட் பெடியன்கள்.

கலா | 24 பெப்ரவரி

லவ்பரோவைப் பற்றி மேலே எழுதியது தனியே நின்றால் பிழையான படம் கிடைக்கும், இதையும் சேர்த்து வாசியுங்கள்.

இங்கே சூப்பர் லீக்கை முழுமையான தொழில்முறைப் போட்டியாக்குகிறோம் என்று இந்த வருடத்திலிருந்து எட்டு அணிகளாக மாற்றியமைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் தொடங்குகிறது. லவ்பரோ உள்ளே இருக்கிறது. டீம் பாத் இல்லை. பாத் பல்கலைக்கழகத்தின் அணி, ஐந்து தடவை கிண்ணம் வென்ற அணி, வெளியே. சரே ஸ்டோர்ம், செவர்ன் ஸ்டார்ஸ், கிளாஸ்கோவின் ஸ்ட்ராத்க்ளைட் சைரன்ஸ், எல்லாம் ஏதோ ஒரு வகையில் பல்கலைக்கழகங்களோடு ஒட்டியிருந்தவை, எல்லாம் வெளியே. உள்ளே வந்த புதியவர்களில் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் இருக்கிறது, கால்பந்துக் கழகம்.

காரணம் புரிகிறது. பெரிய அரங்கம் வேண்டும், டிக்கெட் விற்கவேண்டும், ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் வேண்டும். பல்கலைக்கழக விளையாட்டு மண்டபத்தில் சில நூறு பேர் முன்னால் ஆடி அது நடக்காது. ஆட்டக்காரிகளுக்குச் சம்பளம் கூடினால் எனக்குச் சந்தோஷம்தான், பகலில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு இரவில் நாட்டுக்காக ஆடுகிற நிலை போகட்டும். ஆனால் ப்ரொஸ்கோவியா வந்த கதவு இதுதான். படிக்கவும் ஆடவும் ஒரே இடம். கழகம் பல்கலைக்கழகத்தைவிட்டு விலக விலக, வெளிநாட்டுப் பிள்ளை முழுத் தொழில்முறை ஆட்டக்காரியாகத்தான் வரமுடியும், வளரும் வயதில் வரமுடியாது. முடிந்த பண்டத்தைத்தான் வாங்குவார்கள்.

அப்படியானால் ஃபிசு மாதிரியான பல்கலைக்கழகப் போட்டியின் மதிப்பு கூடத்தானே வேண்டும்? கூடவேண்டும். கூட்டுகிறார்களா என்பது வேறு.

மதுரைக்காரன் | 24 பெப்ரவரி

அக்கா, இலங்கைக்கு இந்த விளையாட்டில் இவ்வளவு ஆர்வம் எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ்காரர்கள் எங்களையும்தான் ஆண்டார்கள்.

கலா | 25 பெப்ரவரி

பெண்கள் பள்ளிக்கூடம் வழியாக. 1921இல் கண்டியில், பெண் சாரணியர் வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது என்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு மகளிர் கல்லூரிக்கும். எங்கள் பள்ளியில் அதிபர் மிகக் கறார், சைக்கிளில் போவதற்கே முகம் சுளிப்பார், ஆனால் நெட்போலுக்கு மட்டும் பிள்ளைகளைப் பின்னேரம் இருட்டும்வரை விடுவார். பெண் பிள்ளை ஓடலாம், துள்ளலாம், கத்தலாம் என்று பெரியவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே சதுரம் அது. சதுரமல்ல, 30.5க்கு 15.25 மீட்டர்.

இன்னொன்று தெரியுமா? ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு விதியோடு ஆடிக்கொண்டிருந்த இந்த விளையாட்டுக்கு ஒரே விதி போட, 1960இல் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் எல்லாம் கூடியது இலங்கையில். சர்வதேசச் சம்மேளனம் பிறந்ததும் அங்கேதான். மூன்று வருடம் கழித்து ஈஸ்ட்போர்னில் முதல் உலகப் போட்டி, பதினொரு நாடுகள், இலங்கையும் போனது. இன்று கிண்ணம் நடத்துகிறவர்களின் விதிப்புத்தகம் நம் வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்டது, நம் பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். இதைச் சொன்னால் என் மகளுக்குக் கொட்டாவி வருகிறது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

பிருந்தா | 1 மார்ச்

எல்லாவற்றையும் வாசித்தேன் அக்கா. எனக்கு இருபத்திரண்டு முடிந்துவிட்டது. நான் என்ன செய்ய?

கலா | 2 மார்ச்

கணக்கைப் பார். 25 என்பது போட்டி நடக்கும் வருடத்தின் டிசம்பர் 31இல் உன் வயது. அதற்குள் இரட்டைப்படை வருடம் எது வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள். கடவுச்சீட்டு இப்போதே எடு, யாரும் அழைக்கும்வரை காத்திராதே, பெயர் வந்த பிறகு வரிசையில் நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும். விளையாட்டுப் பிரிவில் போய் வாயால் கேட்காதே, எழுதிக் கேள், தேதி போட்டுக் கேள், பிரதியை வைத்துக்கொள். காசுக்குப் பழைய மாணவர் சங்கங்களைப் பிடி, லண்டன், டொரொன்டோ, மெல்பேண், எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், கிரிக்கெட்டுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள், நெட்போலுக்கு யாரும் கேட்டதில்லை என்பதால் கொடுத்ததில்லை. நான் இங்கே இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்க்கிறேன், வாக்குத் தரவில்லை.

முதுகலைக்கு வெளியே வரும் எண்ணம் இருந்தால் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் நெட்போல் அணியையும் பார். தரவரிசையை எல்லோரும் பார்ப்பார்கள், இதை நீ பார்.

அப்புறம் அம்பயர் சான்றிதழ். சிரிக்காதே. முழங்கால் போனபிறகும் கோர்ட்டுக்குள் நிற்க அதுதான் வழி, வெளிநாட்டுப் போட்டிக்கு விசிலோடு போகிறவர்களுக்கு 25 வயது வரம்பு கிடையாது.

பிருந்தா | 2 மார்ச்

சரி அக்கா. ஒரு விஷயம், எனக்குக் கோல் ஷூட்டரை மறிக்கும்போது ஒப்ஸ்ட்ரக்ஷன், அதாவது தூரம் விடாமல் மறிக்கிற குற்றம், அதிகம் ஊதுகிறார்கள். தூரம் விட்டுத்தானே நிற்கிறேன்?

கலா | 3 மார்ச்

பின்னேரத்தில் காணொளி எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பார்க்காமல் சொல்வதென்றால்: நீ 0.9 மீட்டர் விட்டு நிற்கிறாய், சரி, ஆனால் கையைத் தூக்கியபடி முன்னால் சாய்ந்து, சமநிலை போய் ஒரு அரை அடி உள்ளே வைக்கிறாய். கோல் டிபென்ஸ் எல்லோருக்கும் இருக்கிற வியாதி. முதலில் தூரத்தை எடு, பிறகு கையைத் தூக்கு, இரண்டையும் ஒன்றாகச் செய்யாதே. எடை முன்காலில் முழுக்கப் போகாமல் பார். எறிகிற நேரத்தில் துள்ளுவதென்றால் மேலே துள்ளு, முன்னால் அல்ல.

தடுக்க முடியாவிட்டால் பந்து வளையத்தில் பட்டுத் திரும்புவதற்கு உடனே திரும்பி இடம் எடு, முதுகால் ஷூட்டரை வெளியே வைத்துக்கொண்டு. பந்து வளையத்திலோ கம்பத்திலோ படாமல் அவள் கையிலேயே திரும்ப விழுந்தால் அவள் அதை எடுக்கக்கூடாது, கையைக் காட்டி அம்பயரைப் பார், நம் ஊரில் பாதி நேரம் அதைக் கவனிக்கமாட்டார்கள்.